முகப்பு விளக்கின் ‘கட்-ஆஃப்’ கோட்டுக்கு ‘ஒளிவரம்பு’

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

காரின் டிம் வெளிச்சத்தைச் சுவரில் அடித்தால், மேலே இருளும் கீழே ஒளியுமாகப் பிரிக்கும் ஒரு கோடு தெரியும். ஆங்கிலத்தில் ‘கட்-ஆஃப்’ எனப்படும் இக்கோட்டுக்கு ஒரு தமிழ்ச்சொல்லை முன்வைக்கவே இதை எழுதுகிறேன். தருமபுரிப் பட்டறைகளில் இதற்குத் தனிப்பெயர் இல்லை. விளக்கைத் திருப்புவது, வெளிச்சம் எட்டும் தூரம், இந்தக் கோடு ஆகிய மூன்றுமே ‘போகஸ்’தான். இதற்கு நண்பர் ஒருவர் பரிந்துரைத்த ‘வெட்டுக்கோடு’ என்ற சொல் தையற்கடையை நினைவூட்டுகிறது. எதை எங்கே நிறுத்துகிறது என்று சொல்லவில்லை. ‘ஒளிவரம்பு’ என்பது என் பரிந்துரை. வரம்பு என்பது எல்லையையும் குறிக்கும், வயல் வரப்பையும் குறிக்கும். வரப்பு நீரைத் தடுப்பதுபோல் இக்கோடு ஒளியை எதிரே வருபவரின் கண்ணுக்குக் கீழே நிறுத்துகிறது.

பல கார்களின் முகப்பு விளக்கில் உள்ள எச்4 வகை பல்பில் இரண்டு இழைகள் உண்டு (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55 வாட்). டிம் இழைக்கு அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணம் இருக்கும். அது கீழ்நோக்கிய ஒளியை மறைத்து, பிரதிபலிப்பானின் (ரிஃப்ளெக்டர்) மேற்பகுதிக்கு மட்டும் ஒளியை விடுவதால்தான் ஒளிவரம்பு உருவாகிறது. இழை இருக்கவேண்டிய இடத்திலிருந்து சற்றே விலகி ஒளிரும் எல்இடி பல்பைப் பொருத்தினால் ஒளிவரம்பு கலங்கிவிடும். ஓட்டுபவருக்குப் பளிச்சென்று தெரியும், தேன்கனிக்கோட்டை–அஞ்செட்டி மலைச்சாலை போன்ற குறுகிய சாலையில் எதிரே வருபவருக்கோ கண் கூசும்.

வெளிச்சம் மங்கலாக இருந்தால் உடனே பல்பைக் குறை கூறக் கூடாது. பல்புக்கு வரும் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். பேட்டரியிலிருந்து தடித்த ஒயரும் ரிலேயும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பொருத்தினால் அதே 60/55 பல்பு முழு வெளிச்சம் தரும். பழைய ஒயரிலேயே 100/90 வாட் பல்பைப் போட்டால் ஹோல்டர் உருகக்கூடும்.

அதன்பின் ஒளிவரம்பைச் சரிசெய்ய வேண்டும். டயர்களில் சரியான காற்றுடன், ஓட்டுநர் இருக்கையில் ஆள் அமர்ந்திருக்க, சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, விளக்கின் மையத்தைவிட ஒளிவரம்பு சுமார் 10 சென்டிமீட்டர் தாழ்ந்து விழுமாறு விளக்கின் திருகாணியைத் திருப்புவது பொதுவான முறை. இதனை ‘1 சதவீத இறக்கம்’ எனலாம். பாலக்கோட்டுச் சந்தையிலிருந்து டிக்கி நிறையத் தக்காளி ஏற்றிவரும் காரின் பின்பக்கம் தாழ்ந்து, ‘லைட் தூக்கி அடிக்குது’ என்று எதிரே வருபவர் சொல்வாரே, அதனை ‘ஒளிவரம்பு ஏறிவிட்டது’ என்று எழுதலாம். ஏறுவது, இறங்குவது, கலங்குவது என எல்லா வினைகளும் இச்சொல்லோடு இயல்பாகப் பொருந்துவதே இதன் பெரிய வலிமை என்று கருதுகிறேன்.

இன்னொன்று மீதமிருக்கிறது. இடப்பக்கம் செல்லும் நம் நாட்டு வண்டிகளில், சாலையோரம் நடப்பவர் தெரிவதற்காக இக்கோடு இடப்புறம் பெரும்பாலும் 15 பாகை சாய்ந்து மேலேறும். அந்தப் பகுதியை ‘வரம்பேற்றம்’ என அழைக்கலாமா? மாற்றுச்சொல் இருப்பவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.