வெள்ளக் காப்பீடு: ஊர் உழைத்தால் பிரீமியம் குறையுமா?

வளவன்:
அமெரிக்காவில் வெள்ளச் சேதத்தைக் குறைக்க ஊர் செய்யும் வேலைக்கு மார்க் போட்டு, ஊரை பத்திலிருந்து ஒன்று வரை வகுப்புகளாகப் பிரிக்கும் சிஆர்எஸ் திட்டம் 1990-லிருந்து இருக்கிறது. ஊர் கடைசியான பத்தாம் வகுப்பில் இருந்தால் தள்ளுபடி இல்லை. ஒவ்வொரு படி ஏறினாலும் வெள்ளக் காப்பீட்டுப் பிரீமியம் 5 சதவீதம் குறையும், முதல் வகுப்புக்கு 45. ஆனால் வீட்டுக்கு வீடு வெள்ள எச்சரிக்கைப் பிரசுரம் அனுப்பினாலும் மார்க் உண்டு! 2021-ல் வந்த புதிய பிரீமியக் கணக்குப்படி குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வரை பிரீமியத்தை ஏற்றலாம். இந்தக் கையில் கொடுத்து அந்தக் கையில் பிடுங்குகிறார்கள்.

செல்வி:
பிரசுரத்தால் முதல் வகுப்பு வராது வளவன். ஓக்லஹோமாவின் டல்சாவைப் பாருங்கள். 1984 மே வெள்ளத்தில் அங்கே 14 பேர் இறந்தார்கள். தாழ்வான இடத்து வீடுகளை, ஆயிரத்துக்கும் மேல், நகராட்சியே விலை கொடுத்து வாங்கி இடித்தது. அந்த நிலத்தில் பூங்காவும் மழைநீர் தேங்கும் குளமும் வந்தன. செலவுக்கு மாதாமாதம் எல்லோரிடமும் மழைநீர்க் கட்டணம். 2022-ல் முதல் வகுப்பு கிடைத்தது.

வளவன்:
பெரிய நகரம், செய்யலாம். சின்ன ஊரில் இந்தத் திட்டத்துக்கு வருஷா வருஷம் கோப்பு அனுப்பவே ஆள் கிடையாது. வீட்டை விற்றவர்கள் அதே விலைக்கு வேறு எங்கே வாங்கினார்கள் என்று யாராவது கேட்டார்களா?

முரளி:
நடுவில் வருகிறேன். ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸ் பீச்சைப் பற்றி யாரும் பேசவில்லையே. 2022-ல் இயன் புயல் அந்த ஊரைத் தாக்கியது. பழுதுச் செலவு வீட்டின் மதிப்பில் பாதியைத் தாண்டினால், வெள்ளம் வரும் பகுதியில் தாழ்வாக இருக்கும் அந்த வீட்டை உயர்த்திக் கட்ட வேண்டும் என்பது விதி. பலர் அனுமதி வாங்காமல் வேலையை முடித்துவிட்டார்கள். 2024-ல் இந்தத் திட்டத்தை நடத்தும் அரசு பேரிடர் அமைப்பான ஃபீமா, ஊரின் 25 சதவீதத் தள்ளுபடியை வெட்டப்போவதாகச் சொன்னது. அதே எச்சரிக்கை வந்த பக்கத்து ஊர்கள் அவசரமாக ஆவணங்களைச் சரிசெய்து தப்பின. இந்த ஊருக்குப் போயேவிட்டது. ஒழுங்காக உயர்த்திக் கட்டியவருக்கும் சேர்த்துத்தான்.

வளவன்:
நான் சொல்வதும் அதுதானே! எவனோ அனுமதி இல்லாமல் பூசிய சுவருக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்? வீட்டின் உயரம், ஆற்றுக்கு எவ்வளவு தூரம் எல்லாம் பார்த்து வீட்டுக்கு வீடு தனியாகப் பிரீமியம் போடுகிறார்கள். அப்புறம் ஊர் மார்க் எதற்கு?

செல்வி:
வீட்டை நீங்கள் உயர்த்தலாம். தெருவின் வடிகாலை நீங்கள் அகலப்படுத்த முடியுமா? சரி, உங்கள் ஊர் எந்த வகுப்பு? காப்பீட்டுப் புதுப்பிப்புக் கடிதத்தில் தள்ளுபடி தனியாக இருக்கும், பாருங்கள்.

வளவன்:
எட்டு. 10 சதவீதம். ஏழாம் வகுப்புக்கு ஏற இன்னும் என்ன செய்ய வேண்டும் என்று அடுத்த நகராட்சிக் கூட்டத்தில் கேட்கிறேன். மழைநீர்க் கட்டணம் என்று ஆரம்பித்தால் மட்டும் எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவேன்.