பொம்மைக் குதிரை வாங்கி ஏமாந்த கதை, உங்களுக்கும் இருக்கா?

சத்துவாச்சாரியிலிருந்து:

எங்க வீட்டு ஷோகேஸ்ல 27 குதிரை நிக்குது. வர்றவங்க எல்லாம் "குழந்தைக்கா?"ன்னு கேக்கறாங்க. எனக்கு வயசு 38.

அமெரிக்காவுல இருக்கிற சித்தி பொண்ணு, பிரையர்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி செய்யற பொம்மைக் குதிரை ஒண்ணு கொண்டுவந்தா, அதுல ஆரம்பிச்சது. அந்தக் கம்பெனி 1950-ல செஞ்ச முதல் குதிரை, ஒரு கடிகாரத்துக்குப் பக்கத்துல நிக்கறதுக்காகச் செஞ்சது. கடிகாரத்தை விட்டுட்டு ஜனங்க குதிரையைக் கேட்டாங்க. பெரிய சைஸ் குதிரை நிஜத்துல ஒன்பதுல ஒரு பங்கு. அசிடேட் பிளாஸ்டிக்ல ரெண்டு பாதியா வார்த்து ஒட்டி, ஒட்டுக்கோட்டைத் தேய்ச்சு, அப்புறம் ஸ்ப்ரே பெயின்ட். கண்ணு, குளம்பு மாதிரி இடத்துல கைவேலை. அதனாலதான் ஒரே அச்சுல வந்த ரெண்டும் ஒரே மாதிரி இருக்காது.

இது தெரிஞ்சும் ஏமாந்தேன். வெளியூர்க்காரர் ஒருத்தர் ஆன்லைன்ல ஒரு செம்பழுப்புக் குதிரை போட்டிருந்தார். இடது பக்கம் மட்டும் நாலு போட்டோ. பளபளன்னு இருந்துது, பணத்தைப் போட்டுட்டேன். பார்சலைப் பிரிச்சா, வலது கண்ணு தரையைப் பாக்குது. பிடரி கறுப்பு கழுத்து மேல சிதறியிருக்கு. வயித்துல ஒட்டுக்கோடு நகத்துக்குத் தட்டுது. மேஜையில வெச்சா மூணு கால்தான் தரையில படுது.

எங்க நைனா பொய்கை செவ்வாய்ச் சந்தையில முப்பது வருஷம் மாடு வாங்கி வித்தவர். குதிரையை என் கையிலிருந்து வாங்கினார், மூஞ்சியையே பாக்கல. மல்லாக்கத் திருப்பினார். "மாடு வாங்கப் போனா கொம்புக்குப் பூசின வர்ணத்தையா பாப்பாங்க? பல்லு, குளம்பு, நடை. இது நடக்கப் போறதில்ல, நிக்கவாவது தெரிய வேணாமா?"

அன்னையிலிருந்து வாங்கறதுக்கு முன்னாடி அடிவயிறு, தொடை இடுக்கு, ரெண்டு கண்ணு, நாலு குளம்பு போட்டோ கேப்பேன். அனுப்பத் தயங்கினா வேணாம். கைக்கு வந்ததும் டியூப்லைட்ல பாக்கறதில்ல, காலை வெயில்ல ஜன்னலோரம் சாய்ச்சுப் பிடிப்பேன். ஒட்டுக்கோடு இருந்தா நிழல் விழும். காது நுனி, வால் நுனி, குளம்பு விளிம்பு, இந்த மூணு இடத்துலதான் பெயின்ட் முதல்ல தேயும். பளபளப்பை மட்டும் நம்பாதீங்க. வேணும்னே பளபளப்புப் பூச்சு குடுத்த நல்ல குதிரைகளும் உண்டு, அது வேற. ஆனா மோசமான வேலையை மறைக்கவும் அதே பூச்சு உதவும்.

வளைஞ்ச காலைச் சுடுதண்ணியில முக்கி மெதுவா நிமிர்த்தி, உடனே பச்சைத்தண்ணியில விடணும். நான் கொதிக்கிற தண்ணியில விட்டேன். பெயின்ட் கொப்பளிச்சுப் போச்சு.

ஆம்பூரிலிருந்து:

அக்கா, எனக்கு ஷூ கம்பெனியில வேலை. மிச்சமாகிற தோல் துண்டுல நானே சேணம் தைக்கறேன். முதல்ல செஞ்சது ஒரு மில்லிமீட்டர் தோல். கணக்குப் போட்டுப் பாருங்க, நிஜக் குதிரை மேல ஒன்பது மில்லிமீட்டர் தடிமன்! கடிவாளம் மாட்டுவண்டிக் கயிறு மாதிரி தெரிஞ்சுது. இப்ப காகிதம் மாதிரி சீவித்தான் தைக்கறேன்.

என் ஏமாத்தம் வேற. வெள்ளைக் குதிரைக்குக் காப்பிக்கலர் சேணம் கட்டி அலமாரி மேல வெச்சேன், மேல ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அக்னி நட்சத்திரம் முடிஞ்சு கழட்டினா, வயித்தைச் சுத்தி காப்பிப் பட்டை. சாயம் இறங்கிடுச்சு, எதைப் போட்டுத் துடைச்சும் போகல. போட்டோ எடுத்ததும் சேணத்தைக் கழட்டிடுங்க.

காட்பாடியிலிருந்து:

பழைய குதிரை ஒண்ணு வாங்கினேன். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை, உடம்பு பிசுபிசுன்னு, ஒரு பக்கம் லேசா உப்பல். நம்ம வெயில்லயும் புழுக்கத்துலயும் அசிடேட் சிதைஞ்சு அமிலம் விடும்னு அப்புறம்தான் படிச்சேன். மத்ததோட சேர்த்து வைக்கல, காத்தோட்டமா தனியா வெச்சிருக்கேன். ஊறுகாய்னு பேர்.

கண்ணமங்கலம் பக்கத்திலிருந்து:

நான் பிளாஸ்டிக் பக்கம் போனதில்ல. எங்க மாமா ஐயனாருக்கு மண்குதிரை செய்வார். சூளையிலிருந்து எடுத்ததும் விரல் முட்டியால தட்டுவார். 'டிங்'னு வந்தா சரி. 'டொக்'னு வந்தா உள்ள எங்கயோ விரிசல், கண்ணுக்குத் தெரியாட்டியும் கோயிலுக்கு அனுப்ப மாட்டார்.

இன்னொண்ணு, வேலூர்க் கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்குப் போனீங்கன்னா, பாயற குதிரைத் தூணுங்க பக்கத்துல ஒரு நிமிஷம் குனிங்க. எல்லாரும் மேல இருக்கிற வீரனைப் பாத்துட்டுப் போறாங்க. நான் அடிவயித்தைப் பாத்தேன். அங்கயும் உளி ஒழுங்கா ஓடியிருக்கு.

சத்துவாச்சாரியிலிருந்து:

குனிஞ்சு பாக்கறேன், அண்ணே. ஊறுகாய்னு பேர் வெச்சவருக்கு ஒரு கும்பிடு! என் மூணுகால் குதிரையை நான் விக்கல. தூக்கின குளம்புக்கு அடியில ஒரு புளியங்கொட்டையை முட்டுக் குடுத்து நிறுத்தியிருக்கேன். யாராவது வீட்டுக்கு வந்தா நைனா மத்த 26-ஐயும் விட்டுட்டு, அதைத்தான் எடுத்து மல்லாக்கத் திருப்பிக் காட்டறார். புளியங்கொட்டை ஒவ்வொரு தடவையும் சோபாவுக்கு அடியில உருண்டுடுது.