வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்: எந்தக் கிளாஸ் எடுத்தீர்கள், எங்கே அடி வாங்கினீர்கள்?

பாலடின், லெவல் 60

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2019 ஆகஸ்ட் கடைசியில் இந்த ஆன்லைன் விளையாட்டின் பழைய வடிவமான கிளாசிக் திறந்தபோது கோவையிலிருந்து ஐரோப்பிய சர்வரில் நுழைந்தேன். கிளாஸை, அதாவது வீரன் வகையைத் தேர்ந்தெடுத்து கேரக்டர் உருவாக்கும் திரையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பளபளவென்று கவசம், இரண்டு கையால் தூக்கும் பெரிய சுத்தியல், மேலிருந்து விழும் ஒளி என்று பாலடின் நின்றுகொண்டிருந்தான். வேறு யோசனையே ஓடவில்லை.

லெவல் ஏற்றும் காலத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சீல் என்ற ஆயுத மந்திரத்தைப் போட்டுவிட்டு, தானாக அடிக்கும் ஆட்டோ அட்டாக்கை விட்டால் போதும், எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வரலாம். கொல்வதற்கு நேரம் பிடிக்கும், ஆனால் சாவது அபூர்வம். வசமாக மாட்டிக்கொண்டால் எந்த அடியும் படாத டிவைன் ஷீல்டைப் போட்டு, விடுதிக்குத் திரும்ப வைக்கும் ஹார்த்ஸ்டோன் கல்லைத் தட்டினால் போதும். ஷீல்டு 12 நொடி, கல் வேலை செய்ய 10 நொடி. சுற்றி நின்று அடிப்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விடுதிக்குப் போய்ச் சேரலாம். எதிரணிக்காரர்கள் நம்மை வெறுத்ததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

லெவல் 20-இல் பாலடினுக்கென்றே ஒரு குவெஸ்ட் (தேடல் பணி) உண்டு. அயர்ன்ஃபோர்ஜ் வாசலில் நிற்கும் ஜோர்டான் என்ற கொல்லர் நான்கு பொருள் கேட்பார். டெட்மைன்ஸிலிருந்து மரக்கட்டை, லாக் மோடனிலிருந்து தாது, பிளாக்ஃபாதம் டீப்ஸிலிருந்து ஒரு ரத்தினம், ஷேடோஃபேங் கீப்பிலிருந்து அவருடைய பழைய சுத்தியல். கடைசி இடம் எதிரி நாட்டுக்குள் இருக்கிறது. நாங்கள் ஐந்து பேரும் இரவில் கடற்கரையோரமாகப் பதுங்கிப் பதுங்கிப் போய், வழியில் மூன்று முறை செத்து, நான்காவது முயற்சியில்தான் கோட்டைக்குள் கால் வைத்தோம். வெரிகன்ஸ் ஃபிஸ்ட் கைக்கு வந்த அன்று அதைச் சுழற்றிப் பார்க்க மட்டுமே ஒரு மணி நேரம் செலவழித்தேன்.

கடைசி லெவலான 60 வந்ததும்தான் நிஜம் தெரிந்தது. கில்டில் (ஆட்டக்காரர்கள் குழுவில்) சேரப் போனபோது கேட்ட முதல் கேள்வி, "ஹீலர்தானே?" நான் அடிக்கும் வகையான ரெட்ரிபியூஷன் என்றேன். குரல் அரட்டையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. 40 பேர் சேர்ந்து போகும் மோல்டன் கோர் என்ற ரெய்டில் என் சுத்தியலுக்கு இடம் இல்லை என்று பக்குவமாகச் சொன்னார்கள். முன்னால் நின்று அடி தாங்கும் டேங்க் ஆகலாமா என்றேன். கிளாசிக் பாலடினுக்கு எதிரியைத் தன் பக்கம் இழுக்கும் டான்ட் கிடையாது, பாஸ் எனும் பெரிய எதிரி திரும்பி வேறு ஆளைப் பிடித்தால் இழுத்து வர வழியில்லை என்றார்கள். அதுவும் உண்மைதான்.

சரி என்று ஹீலர் ஆனேன். டேலன்ட் எனும் திறமைப் புள்ளிகளை மாற்ற முதல் தடவை 1 கோல்டு, அடுத்தது 5, அப்புறம் 10 என்று ஏறி 50-இல் போய் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை சுத்தியல் ஆசைக்கு மாற்றுவேன், புதன்கிழமை ரெய்டுக்குத் திரும்ப மாற்றுவேன். வாரம் 100 கோல்டு, மூலிகை பறித்துச் சம்பாதித்ததெல்லாம் அதிலேயே கரைந்தது. இரண்டு மாதம் இப்படிப் போன பிறகு, ஹீலராக இருப்பதென்றால் ஒழுங்காக இருப்போம் என்று முடிவுக்கு வந்தேன்.

அங்கிருந்துதான் எனக்கு ஆட்டமே பிடிபட்டது. ஹோலி வரிசையில் இல்லுமினேஷன் என்று ஒரு டேலன்ட் உண்டு. ஐந்து புள்ளியும் போட்டால், ஹீல் கிரிட் ஆகும் (வழக்கத்தைவிடப் பெரிதாக விழும்) ஒவ்வொரு தடவையும் செலவான மனா எனும் மந்திர சக்தி திரும்பி வந்துவிடும். அப்படியானால் எனக்கு வேண்டியது கவசத்தின் கனம் இல்லை, கிரிட். பிளேட் போட உரிமை இருந்தும் மந்திரவாதிகளின் துணி அங்கியைப் போட்டுக்கொண்டு நின்றேன். எந்த ஒளிவீசும் கவசத்தைப் பார்த்து இந்தக் கிளாஸை எடுத்தேனோ அது பெட்டகத்தில் தூங்கியது. பெரிய ஹீலான ஹோலி லைட்டை விட்டுவிட்டு ஒன்றரை நொடி ஃபிளாஷ் ஆஃப் லைட்டைத் தட்டிக்கொண்டே இருக்கப் பழகினேன். ஹீலர் வேலை பார்க்கும் பிரீஸ்ட்கள் மனா தீர்ந்து உட்காரும் நேரத்தில் என் நீலப்பட்டை பாதிக்கு மேல் இருக்கும். அதில் வந்த கர்வம் சுத்தியலில்கூட வந்ததில்லை.

இப்போது மானம் போன சம்பவம். பாலடின்கள் அணிக்குப் போடும் வரமான கிரேட்டர் பிளெஸ்ஸிங் ஒவ்வொன்றும் 15 நிமிடம்தான் தாங்கும். ஒரு கிளாஸில் ஒருவருக்குப் போட்டால் அந்தக் கிளாஸ் முழுவதற்கும் விழும். எங்கள் அணியில் எட்டுக் கிளாஸ், ஆக கால் மணிக்கு ஒருமுறை எட்டு கிளிக். குளிர்காலத்தில் ஐரோப்பிய சர்வரில் இரவு 8 மணி என்றால் நமக்கு 12.30. தூக்கக் கலக்கம். அன்று என் பொறுப்பு சால்வேஷன் என்ற பிளெஸ்ஸிங். அது போட்டிருப்பவருடைய திரெட்டை, அதாவது எதிரியின் கோபத்தை இழுக்கும் அளவை, 30 சதவீதம் குறைக்கும். மேஜ்களுக்கு வரம், டேங்குக்குச் சாபம். நான் வாரியர் கட்டத்தையும் சேர்த்துத் தட்டிவிட்டேன். டேங்கும் வாரியர்தானே! ஓனிக்ஸியா குகையில் சண்டை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அந்த டிராகன் தலை மெதுவாக எங்கள் பக்கம் திரும்பியது. ஒரே மூச்சு, பாதி ரெய்டு தரையில். டேங்க் தன்மேல் இருந்த வரங்களின் (பஃப்) வரிசையைப் பார்த்துவிட்டு என் பெயரை மட்டும் சொன்னார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

ஹண்டர், லெவல் 60

பாலடின் அண்ணே, எங்களுக்கு நேர் எதிர்க் கதை. ஹண்டர் எடுப்பவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் என்று ஒரு பேச்சு உண்டு. வளர்ப்பு விலங்கான பெட் அடி வாங்கும், நாம் தூர நின்று அம்பு விடுவோம். லெவல் 60 வரை அது உண்மைதான் என்று நானே ஒத்துக்கொள்கிறேன். பாதி ஹண்டர்களுக்குத் தன் கிளாஸ் என்னவென்றே தெரியாமல் கடைசி லெவல் வந்துவிடும்.

எனக்குத் தெரிய வைத்தது அந்த வில் குவெஸ்ட். மோல்டன் கோரில் மேஜர்டோமோ என்ற பாஸை அடக்கியதும் வரும் பெட்டியில் ஒரு பழைய இலை கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு ஃபெல்வுட் காட்டில் நிற்கும் மரப் பெரியவர்களைப் பார்த்தால் நான்கு பூதங்களைக் கொல்லச் சொல்வார்கள். நான்கும் சாதாரண மனிதர் வேடத்தில் நான்கு ஊரில் திரியும். ஒருவர் பெயர் 'நல்லவர் நெல்சன்', இன்னொருவர் 'நேசமான ஃபிராங்க்ளின்'. பேச்சுக் கொடுத்தால் வேடம் கலையும். முக்கிய நிபந்தனை, தனியாகக் கொல்ல வேண்டும். ஹீலர் இல்லை, நண்பர் இல்லை.

அந்த நான்கில் ஒருவன், வின்டர்ஸ்பிரிங் பனிக்காட்டில் ஆர்டோரியஸ். அவன் கை எட்டும் தூரத்துக்கு வந்தால் கதை முடிந்தது. ஓடிக்கொண்டே, குதித்து, காற்றில் திரும்பி ஒரு அம்பு விட்டு, தரையைத் தொடுவதற்குள் மறுபடி முன்பக்கம் திரும்ப வேண்டும். இங்கிருந்து விளையாடும்போது எல்லாமே கொஞ்சம் தாமதமாகத்தான் நடக்கும், அதனால் அவன் திரையில் நிற்கும் இடத்தை நம்ப முடியாது. இரண்டடி கூடவே இடைவெளி வைத்துப் பழகினேன். முதல் நாள் ஆறு தடவை செத்தேன். இரண்டாம் நாள் அவன் உயிர்ப்பட்டை பத்தில் ஒரு பங்குக்கு வந்த நேரத்தில், அந்த வழியாகப் போன ஒரு புண்ணியவான் டிரூயிட் என்மேல் ஒரு ஹீல் போட்டுவிட்டார். பூதம் மறைந்தது. அதற்குப் பதில் 'கிளீனர்' என்று ஒருத்தன் வந்து டிரூயிடை வெட்டிச் சாய்த்தான். பாவம், அவருக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை. "உதவிதானே செய்தேன்" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது?

ஐந்தாம் நாள் நான்கும் முடிந்தது. ஓனிக்ஸியாவின் நரம்பும் சேர்ந்து ரோக்டெலார் வில் கைக்கு வந்தது. வில்லைவிட அந்த ஓட்டம்தான் பின்னால் உதவியது. மோல்டன் கோரில் மேக்மடார் என்ற பாஸுக்கு வெறிபிடிக்கும்போது டிராங்குவிலைஸிங் ஷாட் விட்டு அடக்குவது எங்கள் வேலை. அது கிளப்பும் பயத்தில் கால் எங்கேயோ ஓடினாலும் தெளிந்த நொடியில் திரும்பி ஷாட்டைத் தட்டுவதற்குக் கை தானாகப் போகும்.

வார்லாக், லெவல் 60

சுருக்கமாக என் குறை. எங்கள் மந்திரங்களுக்கு வேண்டிய சோல் ஷார்டு ஒன்றன்மேல் ஒன்று அடுக்காது, ஒவ்வொன்றும் பையில் ஒரு இடம் பிடிக்கும். ரெய்டுக்கு முன்னால் முப்பது சேர்த்துக்கொண்டு போவேன். 40 பேருக்கும் உயிரேற்றும் ஹெல்த்ஸ்டோன், தாமதமாக வருபவர்களை வரவழைக்க சம்மன் மந்திரம். அதாவது கில்டின் மளிகைக் கடையும் ஆட்டோ ஸ்டாண்டும் நான்தான். கரப்ஷன் என்ற டாட் (கொஞ்சம் கொஞ்சமாகச் சேதம் செய்யும் மந்திரம்) போடலாமா என்றால் கூடாது, பாஸ்மேல் 16 டீபஃபுக்குத்தான் (கெடுதல் மந்திரங்களுக்குத்தான்) இடம், உன் டாட்டுக்கு இடமில்லை, ஷேடோ போல்ட் மட்டும் விடு என்றார்கள். டாட் போடத்தானே வார்லாக் எடுத்தேன்! ஆனால் லெவல் 40-இல் குதிரை இலவசம். மற்றவர்கள் அதற்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்தபோது நான் நெருப்புக் குளம்போடு அவர்களைத் தாண்டிப் போனேன். அந்த ஒரு மாதச் சந்தோஷத்தை மறுக்க மாட்டேன்.

வாரியர், லெவல் 60

நான் செய்த தப்பு கிளாஸில் இல்லை, இனத்தில். தாடி அழகாக இருக்கிறது என்று குள்ள வாரியர் எடுத்தேன். மனித இனத்துக்கு வாளிலும் மேஸிலும் (கதாயுதத்திலும்) 5 புள்ளி கூடுதல் திறன் பிறவியிலேயே வருகிறது என்று அப்போது தெரியாது.

5 புள்ளியில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள், நானும் நினைத்தேன். ஆயுதத் திறன் 300 இருந்தால், பாஸ்மேல் ஸ்பெஷல் அடி தவறாமல் விழ 9 சதவீத ஹிட் (அடி படும் வாய்ப்பு) சேர்க்க வேண்டும். 305 இருந்தால் 6 போதும். அதைவிடப் பெரியது கிளான்ஸிங். பாஸை அடிக்கும் சாதாரண வெட்டுகளில் 40 சதவீதம் உரசிக்கொண்டுதான் போகும், அதைத் தடுக்க வழியே கிடையாது. உரசும் வெட்டில் 300 திறன்காரனுக்கு 35 சதவீதம் சேதம் போகும், 305 திறன்காரனுக்கு 15 சதவீதம்தான். அதே வாளோடு பக்கத்தில் நிற்கும் மனித வாரியர் சேதப் பட்டியலில் ஏன் எப்போதும் எனக்கு மேலே இருக்கிறார் என்று மூன்று மாதம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். நான்தான் சரியாக ஆடவில்லை என்று நினைத்தேன்.

தீர்வு எட்ஜ்மாஸ்டர் கையுறை. கோடாலி, வாள், குத்துவாள் மூன்றுக்கும் 7 புள்ளி தரும். அதை ஏலத்தில் எடுக்க என்னிடம் இருந்த மொத்தக் கோல்டும் போனது. அடுத்த வாரமே கில்டில் ஒரு நல்ல கோடாலி என் பக்கம் வந்தது. ஆசையாக மாட்டிக்கொண்டு போய் ஒரு பன்றியை அடித்தேன். மிஸ். மறுபடி மிஸ். மிஸ், மிஸ், மிஸ். அதுவரை ஒற்றைக் கைக் கோடாலியைப் பழகியதே இல்லை, திறன் 1. லெவல் 60 வாரியரைப் பன்றி துரத்துகிறது.

அப்புறம் பிளாஸ்டட் லேண்ட்ஸ் போனேன். எவ்வளவு அடித்தாலும் முழுதாகச் சாகாத காவல் பூதங்கள் அங்கே உண்டு. அதில் ஒன்றின் முன்னால் நின்று இரவு முழுக்கக் கோடாலி வீசினேன். 250 வரை மடமடவென்று ஏறும். 290-க்கு மேல் ஒரு புள்ளி ஏற நிமிடக்கணக்கில் ஆகும். பக்கத்தில் இன்னொரு வாரியர் மேஸோடு அதே வேலையாக நின்றுகொண்டிருந்தார். எதிரணியின் ஓர்க் இனத்தவர். விதிப்படி வெட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக் கையசைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தோம். விடியும்போது எனக்கு 298.

பாலடின், லெவல் 60

வாரியர், அந்த ஓர்க்குக்குக் கோடாலி என்றால் பிறவியிலேயே 5 புள்ளி கூடுதல் உண்டு. அவர் மேஸ் பழகிக்கொண்டிருந்தார் என்றால் அவருக்கும் உங்களைப் போல ஏதோ ஒரு கதை இருக்கிறது.

தனியாகச் செய்தி அனுப்பி "எதை எடுக்கலாம்" என்று கேட்ட தம்பிக்கு இங்கேயே சொல்கிறேன். சேதப் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதே. ரெய்டு இல்லாத நாளில் அந்தக் கிளாஸ் என்ன வேலை வாங்கும் என்று பார். ஷார்டு சேர்ப்பதா, அம்பும் பெட்டுக்குத் தீனியும் வாங்குவதா, கால் மணிக்கு எட்டு கிளிக்கா? எந்தச் சள்ளை உனக்குக் கோபம் வரவழைக்காதோ அதை எடு.

2024 நவம்பரில் திறந்த ஆண்டுவிழா சர்வரில் நான் மறுபடி தொடங்கியிருக்கிறேன். அங்கே இரண்டு டேலன்ட் அமைப்பை வைத்துக்கொண்டு மாற்றிக்கொள்ளும் வசதி வந்துவிட்டது, மூலிகைப் பணம் மிச்சம். இந்தத் தடவை பிரீஸ்ட் என்றுதான் உட்கார்ந்தேன். கடைசியில் என்ன எடுத்தேன் என்று கேட்காதீர்கள், இப்போது லெவல் 20. கட்டையும் தாதுவும் ரத்தினமும் கையில் இருக்கின்றன, சுத்தியல்தான் பாக்கி. சனிக்கிழமை இரவு ஷேடோஃபேங் போகிறோம், இரண்டு பேர் குறைகிறது. ஹீலர் தேவையில்லை.