அமைப்புக் கோப்பில் தமிழ்ப் பெயர் சேர்த்ததும் உள்நுழைவு நின்றுவிட்டது: உதவி தேவை

கேள்வி (மன்னார்குடி)

ஐயா, வணக்கம். எங்கள் வயலில் விளையும் மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி ஆகிய அரிசிகளை நேரடியாக விற்பதற்காக, பிஎச்பி என்ற இணைய நிரல்மொழியில் எழுதப்பட்ட ஆயத்தக் கடை வார்ப்புரு ஒன்றை இறக்கி, எனக்கேற்ப மாற்றிக்கொண்டிருக்கிறேன். நிரல் எழுதுவதில் நான் முற்றிலும் புதியவன்.

கான்ஃபிக் எனும் அமைப்புக் கோப்பில் ஆங்கிலத்தில் இருந்த கடைப் பெயரை அழித்துத் தமிழில் தட்டச்சு செய்து, விண்டோஸ் 7 கணினியின் நோட்பேடில் சேமித்தபோது, சில எழுத்துகள் இழக்கப்படும் என்று ஓர் எச்சரிக்கை வந்தது. அதைப் படிக்காமலேயே சரி என்று அழுத்திவிட்டேன். தளத்தில் பெயருக்குப் பதிலாக வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்தன. மறுபடி தட்டச்சு செய்து, 'யுடிஎஃப்-8' என்ற எழுத்துக் குறியீட்டு முறையைத் தேர்ந்து சேமித்ததும் தமிழ் சரியாக வந்துவிட்டது. ஆனால் ஹெட்டர்கள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன என்ற பொருளில், கான்ஃபிக் கோப்பின் 1-ஆம் வரியைச் சுட்டி ஓர் எச்சரிக்கை பக்கத்தின் மேலே நிற்கிறது. கடவுச்சொல் சரியாக இருந்தும் நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைய முடியவில்லை. அந்த வரியில் பிஎச்பியின் தொடக்கக் குறியைத் தவிர வேறெதுவும் இல்லை. எங்கே தவறினேன்?

பதில் (கும்பகோணம்)

தம்பி, 1-ஆம் வரி என்று அது சொல்வதிலேயே விடை இருக்கிறது. பழைய நோட்பேடில் யுடிஎஃப்-8 என்று சேமித்தால், கோப்பின் தலையில் பிஓஎம் எனப்படும், கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகளையும் அது சேர்த்துவிடும். அவை தொடக்கக் குறிக்கு முன்னால் நிற்பதால், பிஎச்பி அவற்றைப் பக்கத்தின் உள்ளடக்கமாகக் கருதி உலாவிக்கு அனுப்பிவிடுகிறது. உள்நுழைந்தவரை அடையாளம் காட்டும் குக்கி என்ற சிறு தரவோ, உள்ளடக்கத்துக்கு முன்னால் செல்லும் ஹெட்டர் என்ற தலைப்பகுதியில்தான் செல்ல வேண்டும். உள்ளடக்கம் ஒரு பைட் புறப்பட்டுவிட்டாலும் ஹெட்டரின் வாசல் அடைபட்டுவிடும்.

நோட்பேட் பிளஸ் பிளஸ் நிறுவி, கோப்பைத் திறந்து, என்கோடிங் பட்டியலில் பிஓஎம் இல்லாத யுடிஎஃப்-8 ஆக மாற்றிச் சேமித்து, மறுபடி ஏற்றுங்கள். கோப்பின் கடைசியில் பிஎச்பியை முடிக்கும் குறி இருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள். பிஎச்பி மட்டுமே உள்ள கோப்பில் அது தேவையில்லை, அதற்குப் பின் தப்பித்தவறி வெற்று வரிகள் கிடந்தாலும் இதே தொல்லைதான். முதலில் வந்த கேள்விக்குறிகள் ஆன்சி என்ற பழைய எழுத்துக் குறியீட்டு முறையில் சேமித்ததால் வந்தவை. அதில் தமிழுக்கு இடமே கிடையாது.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா, உள்நுழைந்துவிட்டேன். இப்போது இன்னொன்று கண்ணில் படுகிறது. பொருள் பட்டியலில் மாப்பிள்ளைச் சம்பா 'மாப்பி' என்று நின்று, பக்கத்தில் ஒரு கறுப்பு வைரக்குறி தெரிகிறது. தனிப் பக்கத்தில் பெயர் முழுமையாகவே இருக்கிறது.

பதில் (கும்பகோணம்)

அது தரவுத்தளக் கோளாறு அன்று. பட்டியல் வார்ப்புருவில் பெயரை வெட்டிச் சுருக்கும் சப்ஸ்டர் என்ற கட்டளை 20 என்ற எண்ணோடு இருக்கும், தேடிப் பாருங்கள். அது எழுத்தை எண்ணுவதில்லை, பைட்டை எண்ணுகிறது. யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும், அதாவது அடிப்படை எழுத்தும் அதோடு சேரும் கால், கொம்பு, புள்ளி ஆகியவையும் தனித்தனியே, 3 பைட். ஆறு குறிகளுக்கு 18 போக, மீதி இரண்டு பைட் 'ள'வின் உடைந்த துண்டு. எம்பி முன்னொட்டுள்ள சப்ஸ்டரைப் போட்டால் சரியாகிவிடும்.

மற்றொரு பதில் (திருவையாறு)

முந்தைய பதிலோடு ஒரு திருத்தம். எம்பி சப்ஸ்டர் குறிகளை எண்ணும். ஆனால் 'ச்' என்பது அதற்கு ஒன்றன்று, மெய்யும் புள்ளியுமாக இரண்டு. 11 குறிகளோடு வெட்டினால் 'மாப்பிள்ளைச' என்று புள்ளி இழந்து நிற்கும். பிஎச்பியின் கூடுதல் தொகுப்பான இன்ட்ல் நீட்சி சர்வரில் இருந்தால், கிராஃபீம் முன்னொட்டுள்ள சப்ஸ்டர் எழுத்தாகவே எண்ணும். என்னைக் கேட்டால், அந்த வெட்டையே எடுத்துவிட்டுப் பெயரை முழுதாக வரவிடுவேன். இடம் போதாவிட்டால் உலாவி அடுத்த வரிக்கு மடிக்கும். அரிசியின் பெயரைப் பாதியில் நறுக்கி யாருக்கு என்ன பயன்?

கேட்டவர்

வெட்டை நீக்கிவிட்டேன். கைப்பேசியில் பார்த்தபோது மாப்பிள்ளைச் சம்பா மட்டும் இரண்டாம் வரிக்கு இறங்குகிறது; அதை அப்படியே விட்டுவிட்டேன். இருவருக்கும் நன்றி.