இரணைமடுக் குளத்தில் சிறு வள்ளம் இறக்குவது குறித்து

கேள்வி:
வணக்கம். இலங்கையின் கிளிநொச்சியில் கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட இரணைமடுக் குளத்தில், மீனவர்கள் வள்ளம் இறக்கும் துறையிலிருந்து தந்தையாருடன் துடுப்பு வள்ளத்தில் சென்று நீர்ப்பறவைகளைப் பார்க்க விரும்புகிறேன். எந்தக் காலம் உகந்தது, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள் தெரிவிப்பீர்களா?

பதில்:
தம்பி, குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பில் இருப்பதால் முதலில் அங்கே கேளுங்கள். நன்னீர் மீனவர் சங்கத்தாரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஏனெனில் அத்துறைதான் அவர்களுடைய பிழைப்பு. விடியற்காலையில் அவர்கள் வலை எடுத்து வந்து மீனை நிறுக்கும் வேளையில் வாகனத்தை நிறுத்தி வழியை மறிக்கக் கூடாது. கார்த்திகை, மார்கழி மழையில் நீர்மட்டம் 36 அடியை நெருங்கி, மிகைநீரை வெளியேற்றும் வான்கதவுகள் திறக்கப்படும்போது இறங்கவே வேண்டாம். மேற்பரப்பு அமைதியாகத் தெரிந்தாலும் கதவை நோக்கிய இழுவை சிறு வள்ளத்தைக் கொண்டுபோய்விடும். சிறுபோகம் எனும் கோடைப் பயிருக்காகத் துருசு (வயலுக்கு நீர் விடும் மதகு) திறந்தபின் நீர் வற்ற வற்றக் கரை பின்வாங்கி, துறையடியில் முழங்கால் புதையும் சேறு வெளிப்படும். நீருக்குள் நிற்கும் பட்ட மரக்கட்டைகளும் அப்போதுதான் வள்ளத்தின் அடியில் தட்டும்.

பதில்:
ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஆனி, ஆடியில் சோளகம் எனும் தென்மேற்குக் காற்று முற்பகலிலேயே எழுந்துவிடும். அகன்ற குளமாதலால் அலை மடித்து வள்ளத்துக்குள் அடிக்கும். மழை ஓய்ந்து வான்கதவுகள் மூடப்பட்டிருந்தால் மாசிக் காலைப்பொழுதே நல்லது. முதலை உண்டு, கையை நீரில் விடாதீர்கள். தந்தையாருக்கு உயிர்காப்பு அங்கியைக் கரையிலேயே கட்டிவிட்டு ஏற்றுங்கள்.