அப்பாவுக்குப் பக்கவாதம், எனக்குப் பிரஷர்: மரபணு டெஸ்ட் எடுக்கலாமா?

சோமனூர் தறிக்காரன்:
எங்க அப்பாருக்கு, அதாவது தாத்தாவுக்கு, வாதம் அடித்தது. அப்பாவுக்கு 58 வயதில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. எனக்கு 41, பிரஷர் மாத்திரை ஓடுகிறது. மரபணு டெஸ்ட் எடுத்தால் எனக்கு வருமா வராதா என்று தெரிந்துவிடும் என்கிறார் ஒரு லேப்காரர். ரத்தத்திலேயே இருப்பதை மாத்திரை எவ்வளவு தடுத்துவிடும், சொல்லுங்க.

பொள்ளாச்சி மருமகள்:
எடுக்காதீங்கண்ணா, அந்தக் காசுக்கு ஒரு பிரஷர் மெஷின் வாங்குங்க. 2022இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, பக்கவாதத்தோடு தொடர்புள்ள 89 மரபணு இடங்களைக் காட்டியது. ஒவ்வொன்றும் கூட்டும் ஆபத்து சொற்பம். ஒரே மரபணு கெட்டுப் பக்கவாதம் வரவைக்கும் ‘காடசில்’ மாதிரி நோய் உண்டு, ஆனால் அபூர்வம். மற்றபடி குடும்பத்தில் வருவதெல்லாம் மரபணுவா? ஒரே அடுப்படி, ஒரே ஊறுகாய், ஒரே பீடிக்கட்டு.

நொய்யல்கரை:
அடுப்படி மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க முடியாதுங்க. அமெரிக்காவின் பிரேமிங்காம் ஆய்வு 2010இல் சொன்னது: பெற்றோரில் ஒருவருக்கு 65 வயதுக்குள் பக்கவாதம் வந்திருந்தால் பிள்ளைக்கு ஆபத்து ஏறக்குறைய மூன்று மடங்கு. பிரஷர், சர்க்கரை, புகை எல்லாவற்றையும் கணக்கில் சரிக்கட்டிய பிறகும் அப்படித்தான். தறிக்காரரின் அப்பாவுக்கு 58. அப்பாருக்கு எந்த வயதில் வந்தது? 80க்கு மேல் என்றால் அது வேறு கதை.

பொள்ளாச்சி மருமகள்:
அது பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள் இருந்த ஒரு ஊரில் மட்டும் எடுத்த கணக்கு. விடிய விடியத் தறி ஓட்டுகிறவர் அந்தக் கணக்கில் எங்கே? இந்தியாவும் சேர்ந்த 32 நாட்டு ‘இன்டர்ஸ்ட்ரோக்’ ஆய்வு (2016), நாம் மாற்றக்கூடிய பத்துக் காரணங்களே பக்கவாத ஆபத்தில் சுமார் 90 சதவீதம் என்றது. முதலிடம் பிரஷருக்கு.

நொய்யல்கரை:
அப்படியானால் மரபணுவுக்கு மீதி 10 என்று கழித்துவிடாதீங்க. பிரஷர் ஏறுவதிலேயே மரபுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காருகிற காரணங்கள், கூட்டினால் நூறில் நிற்காது. பரம்பரை ஒன்றுமில்லை என்று நீங்கள் சொன்னால், அடுத்தவர் ‘எனக்குத் தலைவலியே இல்லை’ என்று மாத்திரையை விட்டுவிடுவார்.

பொள்ளாச்சி மருமகள்:
‘எல்லாம் பரம்பரை’ என்கிறவரும் அதே மாத்திரையைத்தானே விடுகிறார்! ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் அத்தனை அட்டையையும் பிரிக்காமல் டிவிக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறார். தலை சுற்றினால் மட்டும் ஒன்று. பிரஷரின் மேல் அளவை 10 புள்ளி குறைத்தால் பக்கவாதம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். குடும்பத்தில் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் மாத்திரை ஒன்றுதான்.

நொய்யல்கரை:
மாத்திரையில் எனக்குச் சண்டையில்லை. எப்போதிலிருந்து பிரஷர் பார்க்க வேண்டும் என்பதைக் குடும்ப வரலாறுதான் சொல்லும். தறிக்காரரே, கூடப் பிறந்தவர்கள் பார்த்தாச்சா?

சோமனூர் தறிக்காரன்:
தங்கைக்கு 33. வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்த நேரத்தில் இதைக் கிளப்பினால் ஊருக்குள் ‘வாதக்காரக் குடும்பம்’ என்று பேச்சாகிவிடும். அம்மா விடமாட்டார்.

பொள்ளாச்சி மருமகள்:
பிரஷர் பார்ப்பதற்குத் தமுக்கு அடிக்கணுமாங்கண்ணா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டுப் போட்டுக் கையை நீட்டினால் முடிந்தது. சங்கடமாக இருந்தால் உங்கள் வீட்டு மெஷினிலேயே பாருங்க.

நொய்யல்கரை:
மெஷின் வாங்கினால்தானே! முதலில் அந்த லேப்காரருக்கு இல்லை என்று சொல்லிவிடுங்க.