எஜெக்ஷன் சீட் இருந்தும் பயிற்சி விமானத்தில் இரண்டு பேருமே ஏன் தப்பவில்லை?

காற்றாடி:
போரும் இல்லை, எதிரியும் இல்லை, பின் சீட்டில் அனுபவமுள்ள பயிற்றுநர் வேறு உட்கார்ந்திருக்கிறார். அப்படியிருந்தும் 2023 டிசம்பர் 4 காலை துண்டிகல் விமானப்படை அகாடமியிலிருந்து வழக்கமான பயிற்சிக்குக் கிளம்பிய பிலாட்டஸ் பிசி-7, தெலங்கானாவின் தூப்ரான் பக்கத்தில் விழுந்து பயிற்றுநர், கேடட் இருவருமே இறந்தார்கள். அந்த விமானத்தில் எஜெக்ஷன் சீட் உண்டு. கைப்பிடியை இழுத்தால் வெளியே வந்துவிடலாம்தானே? செய்தியில் 'விசாரணைக்கு உத்தரவு' என்று ஒரு வரி போடுகிறார்கள், அத்தோடு சரி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீலவானம்:
அந்த ஒரு விபத்தைப் பற்றி ஊகம் வேண்டாம், இறந்தவர்களுக்குக் குடும்பம் இருக்கிறது. பொதுவாகச் சொல்கிறேன்.

பயிற்சி விமானங்களுக்குப் பெரிய எமன் உயரக்குறைவுதான். ரன்வேயைச் சுற்றி ஏறக்குறைய 1,000 அடியில் பறந்து, இறங்குவதற்குக் கடைசித் திருப்பம் எடுக்கும்போது அதிலும் பாதி போயிருக்கும். மாணவர் ரன்வேயின் நேர்கோட்டைத் தாண்டிப் போய்விட்டார் என்று வையுங்கள். இன்னும் சாய்க்கப் பயந்து, ரட்டரை (வால்பகுதியில் உள்ள திசைத் துடுப்பை) மிதித்து மூக்கைத் திருப்புவார், மூக்கு கீழே போகும், உடனே ஸ்டிக்கைப் பின்னால் இழுப்பார். உள்பக்க இறக்கை முதலில் ஸ்டால் ஆகி, அதாவது தூக்கும் விசையை இழந்து, விமானம் சட்டென்று புரண்டுவிடும். சாய்வு கூடக் கூட ஸ்டால் வேகமும் ஏறும். 60 டிகிரி சாய்த்து உயரம் குறையாமல் திரும்பினால் அது 41 சதவீதம் கூடுகிறது, அதாவது நேராகப் பறக்கும்போது 60 நாட் (மணிக்குக் கடல் மைல்) வேகத்தில் ஸ்டால் ஆகிற விமானம் அங்கே 85லேயே ஆகிவிடும். ஸ்பின்னில், அதாவது ஸ்டாலான விமானம் சுழன்றபடி விழும்போது, ஒரு சுற்றுக்கே சில நூறு அடி போய்விடும், மீட்க இடமே இருக்காது.

'ஜீரோ-ஜீரோ' சீட் (உயரமும் வேகமும் பூஜ்யமாக இருந்தாலும் காப்பாற்றும் சீட்) என்று பெருமையாகச் சொல்வதெல்லாம் விமானம் நேராக, அசையாமல் நிற்கும் நிலைக்கு. தலைகீழாகவோ வேகமாகக் கீழே இறங்கிக்கொண்டோ இருந்தால் அதே சீட்டுக்கு நிறைய உயரம் வேண்டும், இல்லாவிட்டால் ராக்கெட் உங்களைத் தரையை நோக்கித்தான் தள்ளும்.

இன்னொரு விஷயம், இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. மாணவரின் தப்பைக் கொஞ்சம் வளரவிட்டு, பிறகு 'ஐ ஹேவ் கன்ட்ரோல்ஸ்' என்று சொல்லி வாங்கிச் சரிசெய்வதுதான் பயிற்றுநரின் தினசரி வேலை. அதில் கைதேர்ந்தவருக்கு 'இதையும் சரிசெய்துவிடலாம்' என்றுதான் கை போகும், எஜெக்ஷன் கைப்பிடிக்குப் போகாது. கீழே வீடுகள் தெரிந்தால் இன்னும் தாமதிப்பார்கள்.

பழைய_எஞ்சின்:
எல்லாவற்றையும் மாணவர் தலையில் கட்டாதீர்கள். நம் விமானப்படையின் பழைய பயிற்சி விமானம் ஹெச்பிடி-32 தீபக்கை மறந்துவிட்டீர்களா? எஜெக்ஷன் சீட்டே கிடையாது, எரிபொருள் ஓட்டத்தில் தீராத பிரச்சினை, பறக்கும்போதே எஞ்சின் நின்றுவிடும். 17 விபத்துகள், 19 விமானிகள் பலி. 2009 ஜூலையில் இரண்டு பயிற்றுநர்கள் இறந்த பிறகுதான் மொத்தமாகத் தரையிறக்கினார்கள். அதற்குப் பிறகு 2013ல் பிலாட்டஸ் வரும் வரை, முதல்முறை பறக்கிற பையன்களையே கிரண் ஜெட்டில் ஏற்ற வேண்டியதாயிற்று.

அமெரிக்க விமானப்படையிலும் இதே கதைதான். அவர்களுடைய டி-3ஏ ஃபயர்ஃபிளை பயிற்சி விமானம் 1995லிருந்து 1997க்குள் மூன்று முறை விழுந்து மூன்று பயிற்றுநர்கள், மூன்று கேடட்கள் இறந்தார்கள். அதிலும் எஞ்சின் தானாக நிற்கிறது என்ற புகார் நிறைய. 1997ல் நிறுத்தி, 2006ல் உடைத்தே போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் இரண்டிலுமே லைகாமிங் ஏஇஐஓ-540 குடும்பத்து 260 குதிரைத்திறன் எஞ்சின். எஞ்சினைக் குறை சொல்லவில்லை, அதே குடும்பத்து எஞ்சின் வைத்த எக்ஸ்ட்ரா 300 சாகச விமானங்கள் உலகம் முழுக்கக் கரணம் அடிக்கின்றன. அதற்கு எரிபொருள் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விமானிகள் எழுதிக் கொடுத்த புகார்களை அன்றே மதித்திருந்தால் பாதிப் பேராவது பிழைத்திருப்பார்கள் என்பது என் கருத்து.

மேகக்கூட்டம்:
மோதலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2009 பிப்ரவரியில் வேல்ஸில் இரண்டு குரோப் டியூட்டர் பயிற்சி விமானங்கள் வானில் மோதி நான்கு பேர் இறந்தார்கள், அதில் இருவர் சிறு வயது ஏர் கேடட்கள். அங்கே விசாரணை அறிக்கையை யாரும் படிக்கலாம். நம் விமானப்படையின் கோர்ட் ஆஃப் என்கொயரி அறிக்கை வழக்கமாகப் பொதுவெளிக்கு வராது, காற்றாடி கேட்ட கேள்விக்கு நேரான பதில் கிடைக்காததற்குக் காரணமும் அதுதான். ரகசிய ஆயுதம் எதுவும் இல்லாத பயிற்சி விமானத்துக்கு இது எதற்கு?

காற்றாடி:
நன்றி. விமானத்துக்கே பாராசூட் கட்டுவது பற்றி எங்கோ படித்தேன், அது உதவாதா?

நீலவானம்:
ஹெச்பிடி-32க்கே யோசித்தார்கள். அமெரிக்க அகாடமியின் டி-53ஏ, அதாவது சிர்ரஸ் எஸ்ஆர்20, அப்படிப்பட்ட பாராசூட்டோடுதான் வருகிறது. நல்ல உயரத்தில் எஞ்சின் நின்று கீழே இறங்க இடமே இல்லையென்றால் உயிரைக் காப்பாற்றும். ஆனால் அது விரிந்து நிற்கவும் சில நூறு அடி வேண்டும், நான் சொன்ன கடைசித் திருப்பத்தில் அதுவும் கைகொடுக்காது.